எண்பதடி வேலி

காம்பாரில் புதிதாக வாங்கிய மனையில் மதிய வெயில் கொளுத்துகிறது. முன்னால் நாற்பதடி, பின்னால் நாற்பதடி என்று கம்பிவேலி பளபளக்கிறது. முன்கேட்டில் பூட்டும் தொங்குகிறது. இரண்டு பக்கவாட்டிலும் ஒன்றுமே இல்லை. கேட்டுக்கு வெளியே கையில் கம்பி வெட்டும் குறடோடு குணசீலன் நிற்கிறார். அவர் மனைவி விமலா அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வருகிறாள். “பக்கத்துக்கு அறுபது. சுத்தி வந்தா எரநூறடி வேணும்லா. எண்பதடி வாங்கிட்டு வந்திருக்கீங்க.” “கடையில எத்தன அடின்னு கேட்டான். முன்னயும் பின்னயும் கூட்டிச் சொன்னேன்.” “மத்த ரெண்டு பக்கம்?” குணசீலன் குறட்டைத் திறந்து திறந்து மூடுகிறார். பிறந்ததிலிருந்து போன மாதம் வரை தோட்டத்து லயத்தில் இருந்தவர். அங்கே வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்தான். “லயத்துல பக்கம் ஏது விமலா,” என்கிறார் எரிச்சலோடு. அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரங்கு பக்கவாட்டில் சாவகாசமாக நுழைந்து, நேற்று நட்ட மரவள்ளிக் குச்சியைப் பிடுங்குகிறது. இன்னொன்று பின்னாலேயே வருகிறது. குணசீலன் பதறிப்போய், கேட்டைத் திறக்கச் சட்டைப்பையில் சாவியைத் தேடுகிறார்.