ஏழாவது பாதம்

பெரிய வியாழன் பூசையில் பங்குச்சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில், சாக்கடை அள்ளுபவர்களின் தெருவிலிருந்து போன முதல் ஆள் இன்னாசி. வீட்டிலேயே மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போனான். ஏழாவதாக உட்கார்ந்தான். சாமியார் முழந்தாளிட்டு நீர் ஊற்றினார், துவாலையால் துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். உதடு பாதத்தில் பட்டது. அவனுக்கு அழுகை முட்டியது.

சாமியார் எட்டாவது ஆளிடம் நகர்ந்ததும், பூசையில் உதவிக்கு நின்ற உபதேசியார் அவருக்கு வேறு துவாலையைக் கொடுத்தார்; அதுவரை எல்லாருக்கும் ஒரே துவாலைதான். பழையதை மடித்து இன்னாசியின் மடியில் வைத்தார். "ஈரமாயிருச்சு. நீயே வச்சுக்கப்பா." சிரித்த முகம்தான்.

வீட்டில் அவன் மனைவி அமலோற்பவம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் குடுத்தாங்களா?"

"இல்ல. எனக்கு மட்டுந்தான்."

"அடேங்கப்பா, உன் காலுக்கு வந்த மரியாதையப் பாரு. ஆண்டவருக்கு உம்மேல தனிப் பிரியந்தான்."

அவள் இருதயநாதர் படத்துக்குக் கீழே விரிக்கப் போனாள். அவன் துவாலையை வாங்கி, முனையை இறுக்கிப் பிழிந்தான். ஒரே ஒரு சொட்டு விழுந்தது. ஈரமாயிருச்சு என்று மாற்ற அது போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.