சாயம்

ஊர்வலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்காக கால்பந்து அணி முழுவதும் கையில் கறுப்புத் துணி கட்டி ஆடுவதென்று முடிவாகியிருந்தது.

"கட்டிக்கினு நிக்கிறவன் இன்னியோட கிளப்ப வுட்டுக் கெளம்பலாம்" என்றார் மேனேஜர்.

எஸ்ரா மட்டும் அவிழ்க்கவில்லை. அவனை மைதானத்துக்குள்ளேயே விடவில்லை. மற்றவர்கள் துணியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்கள். ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்து காலுறையைக் கழற்றியபோது, வியர்வையில் சாயம் இறங்கி எல்லாருடைய கணுக்காலும் கறுத்திருந்தது. சோப்புக்குப் போகவில்லை. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பையை எடுக்க வந்த எஸ்ரா, வாசலில் நின்று அந்தக் கால்களைப் பார்த்தான்.

"தேங்கா எண்ண போட்டுத் தேய்ங்கடா, போயிடும்."

பிறகு தன் துணியை அவிழ்த்து மடித்தான். அவன் கையில் கறையே இல்லை. ஓட விட்டிருந்தால்தானே வியர்த்திருக்கும்.