வெள்ளைக் கைக்குட்டை

"தூசியே வரக் கூடாது அண்ணே! வெள்ளைக் கைக்குட்டையால துடைச்சாலும் கறை படக் கூடாது. அப்படி ஒரு பிரேக் பேடு போடுங்க!"

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஒர்க்‌ஷாப்புக்குள் நிறுத்திய பையன் ஒரே மூச்சில் சொன்னான்.

மெக்கானிக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். வெள்ளியாக மின்ன வேண்டியது, கரிமூட்டைக்குள் உருண்டு எழுந்த மாதிரி இருந்தது.

"இது ரோட்டுத் தூசி இல்ல தம்பி. பிரேக் தேய்ஞ்ச தூசி. நிதானமா ஓட்டினா இவ்வளவு சேராது. பறக்கறியோ?"

"கொஞ்சம்... வேகம்தான்."

"வண்டி யாரோடது?"

"அப்பாவோடது. ரிட்டையரானதும் ஆசையா வாங்கினார். ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுவார். சைக்கிள்காரன் மணியடிச்சு வழி கேப்பான், அந்த வேகம்."

"மத்த ஆறு நாள்?"

பையன் கூரையைப் பார்த்தான்.

"தினம் சாயங்காலம் அப்பா கைக்குட்டையால சக்கரத்தைத் துடைச்சுப் பார்க்கறார் அண்ணே. 'இனிமே ஒரு தடவை இது கறுப்பாச்சு, வண்டியை வித்துடுவேன்'னு நேத்து ஒரே சத்தம். வித்துட்டார்னா எல்லாம் போச்சு!"

"ஆக, வேகத்தைக் குறைக்க மாட்டே. தூசியை மட்டும் மறைக்கணும். பெத்தவர் கண்ணுலயே மண்ணைத் தூவப் பார்க்கறே."

"திட்டிக்கிட்டே மாட்டுங்க அண்ணே, நேரமாகுது!"

மெக்கானிக் விரல் விட்டு எண்ணினார்.

"இரும்புத்தூள் கலந்த பேடு நல்லாப் பிடிக்கும், கரியாக் கொட்டும். பீங்கான் கலந்த சாதா செராமிக்குல தூசி கம்மி. ஆனா சூடேறினா பிடி தளரும். வேகமான வண்டிக்குன்னே ஒரு செராமிக் வருது. தூசியும் கம்மி, பிடியும் விடாது. அதைப் போடறேன்."

அலமாரியில் அவர் தேடவே இல்லை. மேஜை மேல் இருந்த பெட்டியைக் கையில் எடுத்தார்.

"அட, இந்த வண்டிக்கேத்த அளவு! ரெடியா இருக்கே!"

"உன் அதிர்ஷ்டம்."

ஜாக்கி ஏறியது. சக்கரம் கழன்றது. பழைய பேடை உருவிய மெக்கானிக் 'உச்' கொட்டினார். விரல் தடிமன் இருக்க வேண்டியது, கல்யாணப் பத்திரிகை கனத்தில் இருந்தது.

"பார்த்தியா? இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா இரும்போட இரும்பு உரசியிருக்கும். மிதிச்ச இடத்துல வண்டி நின்னிருக்காது."

பையன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ... இது தெரியாமலே விட்டுட்டேனே அண்ணே!"

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைத் துடைத்து, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுப் பேடை உட்கார வைத்தார். 'டக்'. நாலு சக்கரத்துக்கும் நாலு 'டக்'. பெடல் கெட்டிப்படும் வரை மிதிக்கச் சொன்னார்.

"இப்பப் புதுப் பேடைப் பழக்கணும். அறுபதுல போய், பத்துக்கு இறக்கணும். நடுவுல நிறுத்தாம பத்து தடவை. அப்பதான் பேடு டிஸ்க்குல சரியாப் படியும். ஏறு, நான் பக்கத்துல உட்கார்றேன்."

பையன் நெளிந்தான். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அம்மா! ரெடி, வா!"

வரும்போதே இறங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் தக்காளி பொறுக்குவதுபோல் நின்றிருந்த அம்மா வந்தாள். பையை மகனிடம் தள்ளினாள். கொண்டையை இறுக்கினாள். மூக்குக்கண்ணாடியை மேலேற்றினாள்.

"ஏன் தம்பி, வளைவுல நல்லாப் பிடிக்கும்ல?"

பையன் மெக்கானிக் காதைக் கடித்தான். "வாங்கறப்பப் பெரிய சண்டை அண்ணே. 'இந்த வயசுல இது ஒரு கேடா? செத்தாலும் இதுல ஏற மாட்டேன்'னு சொல்லிட்டாங்க. ஒருநாள் சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தாங்க... அவ்வளவுதான்! அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க. திட்டை நானே வாங்கிக்கறேன்."

அம்மா ஸ்டியரிங்கைப் பிடிக்க, மெக்கானிக் பக்கத்தில் உட்கார, கார் கிளம்பியது. கிளம்பியது என்பது மரியாதைக்கு. ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த ஆளில்லாத நீண்ட சாலையில், ஒரு சிவப்புக் கோடு போனது.

"ஒண்ணு!" அறுபது, சர்ர்ர்ர், பத்து.

"ரெண்டு!"

அந்தக் காற்றில், கொடியில் காய்ந்த இரண்டு சட்டைகள் தானாகவே இஸ்திரி ஆகிவிட்டன என்பது மெக்கானிக் சொன்ன கணக்கு. எனக்குப் புளுகு பிடிக்காது, ஒரு சட்டைதான்.

"பத்து! போதும்மா!"

"நடுவுல ஒண்ணு எண்ண விட்டுப்போச்சு தம்பி. இன்னும் ஒரே ஒரு தடவை!"

அம்மாவும் மகனும் போன பிறகு, மெக்கானிக் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, போனை எடுத்தார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே வந்தான். காலையில நீங்க கொடுத்துட்டுப் போன பெட்டியையே மாட்டிட்டேன். நல்லவேளை சார், பழசு சுத்தமாத் தேய்ஞ்சு போச்சு."

"சக்கரத்துல அவ்வளவு கரியைப் பார்த்தப்பவே பயந்துட்டேன்ப்பா. பேடை மாத்துடான்னு சொன்னா, எனக்கு விஷயம் தெரியும்னு ஆயிடும். அதான் கைக்குட்டையைக் காட்டிக் கத்தினேன். பழக்கினது யாரு, அவளா?"

"அம்மாதான் சார். வழியெல்லாம் ஒரே சிரிப்பு. நான்தான் சாமி பேரைச் சொல்லிக்கிட்டே எண்ணினேன்."

மறுமுனையில் அப்பாவும் சிரித்துவிட்டார்.

"மூச்சு விட்டுடாதே. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, ரோஷக்காரி, அப்புறம் அதுல ஏறவே மாட்டா."

"சரி சார். ஆனா அவங்க மிதிக்கிற மிதிக்கு, இதுலயும் கொஞ்சம் தூசி வரத்தான் செய்யும். கைக்குட்டையில பட்டா என்ன பண்ணுவீங்க?"

"கறை தெரியாதுப்பா. கறுப்புக் கைக்குட்டை ஒரு டஜன் வாங்கிட்டேன்."