கொஞ்சும் மேலாளர்

திருப்பூரின் ஒரு பின்னலாடை ஆலையில் மேலாளர் என்பவர் ஒவ்வொரு தொழிலாளியின் காதிலும் பேசும் இயந்திரக் குரலே ஆவார். யாரிடம் எவ்வாறு பேசினால் வேலை மிகுதியாக நடக்குமோ, அவரிடம் அவ்வாறே பேசுவார். துளசிமணிக்கு அதட்டல் வாய்த்திருந்தது. பக்கத்தில் தைத்த ரங்கநாயகிக்குக் கொஞ்சல்.

தங்கையின் வளைகாப்புக்குச் செல்லத் துளசிமணிக்கு விடுப்பு தேவைப்பட்டது. அதட்டுகிறவரிடம் கேட்க அஞ்சிய அவள், அவர் அதட்டும்போதெல்லாம் வேண்டுமென்றே காலரைக் கோணலாகத் தைத்தாள். அதட்டினால் வேலை கெடுகிறதென்று கண்ட குரல் சில நாள்களில் கனிந்தது.

"என்ன கண்ணு, சாப்பிட்டயா?"

மகிழ்ந்துபோய் வெள்ளிக்கிழமைக்கு விடுப்புக் கேட்டாள்.

"தாராளமாப் போய்ட்டு வா சாமி. கப்பலுக்குப் போற சரக்கு அப்படியே கிடக்குது. உன்னைய நம்பித்தான் அந்த ஆர்டரை ஒத்துக்கிட்டேன். பரவால்ல, நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

துளசிமணி அடுத்த காலரை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.

"இல்லீங்க, நான் போகலீங்க" என்று தானே சொல்லிவிட்டாள்.

உணவு வேளையில் இதைக் கேட்ட ரங்கநாயகி சிரிக்கவில்லை.

"எந் தம்பி கல்யாணத்தையே நான் போன்லதான் பாத்தேன் புள்ள" என்றாள்.

துளசிமணி இருக்கைக்குத் திரும்பியதும் குரலிடம் பணிவாக வேண்டிக்கொண்டாள்:

"ஏனுங், அந்தத் திட்டற ஆளையே திரும்ப அனுப்புங்க. அவருன்னா சொல்லாமக் கொள்ளாமப் போயிருவேன்."