வாயாடி வராத வகுப்பு

இன்றைக்குப் பார்த்து வாயாடி வகுப்புக்கு வரவில்லை. டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திக்கித் திக்கிப் பேசும் பெண் அவள். வாயாடி என்பது வகுப்பு கிண்டலுக்கு வைத்த பெயர். வருஷத் தொடக்கத்தில், பெயரைக் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குவாள்.

விடுமுறையில் டீச்சர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தாள். பிள்ளைகளைக் குழுவாக உட்கார வை, அவர்களையே பேசவிடு, கேள்வி கேட்டால் பொறுத்திரு, நடுவில் எடுத்துக் கொடுக்காதே என்று அங்கே சொல்லித்தந்தார்கள். டீச்சர் அப்படியே செய்தாள். வாயாடி மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் மழை எப்படி உண்டாகிறது என்று முழுசாகச் சொல்லியும் முடித்தாள். அன்று டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. பெருமை தாங்காமல் பயிற்சி அதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அவர்தான் இன்று வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். அவர் வரப்போவதை டீச்சர் நேற்றே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். அவர் திருப்திப்பட்டால் டீச்சரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. கெட்டிக்காரப் பிள்ளைகள் வெளுத்துக் கட்டினார்கள்.

"இவங்க எந்த வகுப்புல உட்கார வச்சாலும் பேசுவாங்க, டீச்சர்," என்றார் அதிகாரி. "நீங்க சொன்ன அந்தப் பொண்ணைப் பார்க்கத்தான் வந்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அவரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பினால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் வாயாடி. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.

டீச்சருக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது.

"உனக்காக எவ்வளவு பாடுபட்டேன். என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியேடி."

வாயாடி எழுந்து நின்றாள். உதடு துடித்தது. அந்தக் கோபத்திலும் டீச்சர் பழக்கதோஷத்தில் பேசாமல் காத்திருந்தாள்.

"நா... நான் பேசறப்பல்லாம் நீங்க க... கடிகாரத்தையே பார்ப்பீங்க, டீச்சர். என்னால இன்னிக்கு உங்க வ... வகுப்பு கெட்டுடக் கூடாதுன்னுதான்..."



பிள்ளை திணறும்போது அவசரப்பட்டு வாயைத் திறந்துவிடாமலிருக்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவளுக்காகத்தான் டீச்சர் பார்த்தாள்.

அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.