அண்ணன் கேட்ட பங்கு

“அண்ணன்கிட்ட சொல்லாம தூக்கிட்டு வந்த படகா? நாளைக்கு அவரு வந்து என் சட்டையைப் பிடிச்சா நான் என்னப்பா சொல்றது?”

பட்டறைக்காரர் இப்படிக் கேட்டதும் தம்பிக்காரனுக்குச் சுருக்கென்றது.

“எங்க அப்பா படகுங்க இது. அண்ணன்தான் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுல படுத்திருக்காரு. சும்மா கிடக்கறதை நான் எடுத்தா என்ன தப்பு? நீங்க புது இஞ்சினை மாட்டுங்க. நாளைக்குக் காலையில ஆழத்துக்குப் போறேன்.”

“நீச்சல் தெரியுமா?”

“இஞ்சின் இருக்கறப்ப நீச்சல் எதுக்கு?”

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்.

செத்துப்போன அப்பா விட்டுப்போனது இரண்டே சொத்து. மழைக்கு ஒழுகும் ஒரு வீடு, இந்த ஃபைபர் படகு. பங்கு பிரிக்க உட்கார்ந்த அன்று, தம்பி வாயைத் திறப்பதற்குள், “படகு எனக்கு” என்று ஒரே பிடியாக நின்றுவிட்டான் அண்ணன்காரன். சோறு போடுகிற சொத்தை அமுக்கிக்கொண்டு, ஓட்டை வீட்டைத் தம்பி தலையில் கட்டிவிட்டான் என்று சொந்தபந்தம் முழுக்கப் பேசியது. அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெண்டாட்டியோடு வாடகை வீட்டுக்குப் போய்விட்டான்.

சரி, அப்புறமாவது சம்பாதித்தானா என்றால் அதுவும் இல்லை. எல்லோரும் ஆழத்தில் வலை வீச, இவன் மட்டும் கரையைத் தடவிக்கொண்டு கிடந்தான். துணைக்கு ஓர் ஆளைக்கூட ஏற்றமாட்டான். ஒருநாள் தம்பி ஏறப் போனபோது, “காலை வெச்சே, காலை ஒடிச்சுடுவேன்” என்று துடுப்பை ஓங்கினான். அத்தோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

“தானும் ஒழுங்கா சம்பாதிக்கமாட்டான், அடுத்தவனையும் விடமாட்டான். அப்படி ஒரு பேராசை!” என்று இப்போதும் பொருமினான் தம்பி.

பட்டறைக்காரர் படகின் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. இன்னும் நாலு இடத்தில் தட்டினார்.

“வண்டியிலேர்ந்து இறக்கறப்பவே நினைச்சேன். இத்தனூண்டு படகுக்கு இத்தனை பேர் முக்கவேண்டியிருந்துதே!”

துளைபோடும் மெஷினை எடுத்துத் தளத்தில் ஒரு துளை போட்டார். துளையைச் சுற்றிப் பழுப்பாகத் தண்ணீர் ஊறி வந்தது.

“உள்ள எப்படிங்க தண்ணி?” தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

பட்டறைக்காரர் தளத்தை ஒரு முழம் அகலத்துக்கு அறுத்துத் தூக்கினார். குப்பென்று அழுகல் வாடை. உள்ளே அடைத்திருந்த ஃபோமில் ஒரு கட்டியைப் பெயர்த்து அவன் கையில் வைத்தார். கருங்கல்லைத் தூக்கி வைத்தது போல் கை தாழ்ந்தது. பிழிந்தால் தண்ணீர் கொட்டியது.

“படகுக்குள்ள தண்ணி ஏறினாலும் முழுகவிடாம தாங்கறது இந்த ஃபோம்தான். இதுவே ஊறிப்போச்சுன்னா யாரு தாங்கறது? இது மேல புது இஞ்சினையும் மாட்டி ஆழத்துக்குப் போய், ஒரே ஒரு அலை உள்ள வந்திருந்தா...”

பிடிமானத்துக்குப் படகின் ஓரத்தைப் பிடித்த தம்பி, சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டான்.

அதற்குள் பட்டறைக்காரர் படகின் வெளிப்பக்கம் போய், தண்ணீர் மட்டத்துக்காக அடித்திருந்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே சுரண்டினார். வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் இன்னொரு சிவப்புக் கோடு. அதற்கும் கீழே இன்னொன்று.

“படகு கனத்துக் கனத்து கீழ இறங்க, யாரோ கோட்டை மேல மேல ஏத்தி அடிச்சிருக்காங்க. கரையிலேர்ந்து பார்க்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு.”

“பெயிண்ட் அடிக்கறது எப்பவும் அண்ணன்தான்!” தம்பிக்கு ஆத்திரத்தில் வாய் குழறியது. “அப்போ தெரிஞ்சே மறைச்சிருக்கான்! எவன் தலையிலயாவது கட்டிக் காசாக்கத்தானே? கூடப் பொறந்தவனா அவன்? இன்னிக்கு வரட்டும், ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கட்டுப் போட்ட காலோடு அண்ணன் இறங்கினான். ஊன்றுகோல் வழுக்க, விழுந்தடித்துக்கொண்டு வந்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “ஆமா, நான்தான் எடுத்துட்டு வந்தேன். அதுக்கு என்ன இப்போ?”

அண்ணன் அறுத்துப் போட்ட படகின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே வந்து தம்பியின் சட்டையைத் தடவினான். குனிந்து பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தான்.

“இதுல ஏறியா வந்தே? தண்ணியிலயா வந்தே?”

“இல்ல... துறையில பார்த்தா உங்கிட்ட சொல்லிடுவாங்கன்னு வண்டியில ஏத்திக் கொண்டாந்தேன்.”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

“அண்ணே... அன்னிக்கே தெரியுமா? தெரிஞ்சேவா பங்குல இதைக் கேட்டு வாங்கினே?”

“வேற என்ன செய்யச் சொல்றே? சரி பண்ணக் காசு ஏது? சொல்லியிருந்தா, ஆளுக்குப் பாதி நாள்னு நீயும் வந்து நின்னிருப்பே.”

“அதுக்குன்னு நீ மட்டும் தினம் இதுலயா போனே?”

அண்ணன் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் அதட்டுவானே, அதே குரலில் சொன்னான்.

“எனக்கு நீச்சல் தெரியும். உனக்குத் தெரியாதேடா!”