ஓடிப்போன மலாக்கி

"என் புருஷன் ஓடிப்போயிட்டான் ஐயா. ஒழியட்டும்."

ஏழைகள் விடுதியின் நிர்வாகக் குழு முன்னால் நின்று சபீனா இப்படிச் சொன்னதும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கனவான்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முந்தாநாள் வாசலில் பேர் கொடுத்துவிட்டு அங்கேயே காத்துக்கிடந்தவள்; அவள் பாவாடையைப் பிடித்தபடி இரண்டு பெண் குழந்தைகள். வயல்களில் உருளைக்கிழங்கு நோய் கண்டு அழுகி, ஊரெங்கும் பஞ்சம் தொடங்கி மூன்றாவது வருஷம். குழந்தைகளின் கால்கள் குச்சியாகியிருந்தன.

"எங்கே ஓடினான்?" தலைவர் கேட்டார். நிலச் சொந்தக்காரரின் காரியஸ்தரும் அவர்தான்.

"சொல்லிட்டா ஓடுவாங்க?"

எழுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டைப் பிரித்தார்.

"ரெண்டு ஏக்கர் குத்தகை நிலம் இருக்கே உங்களுக்கு. கால் ஏக்கருக்கு மேல இருந்தா கஞ்சி கிடையாது, சட்டம் தெரியுமில்ல? நிலத்தை விட்டுட்டோம்னு கையெழுத்துக்குப் பதிலா ஒரு கீறல் போடு. இப்பவே உள்ள போகலாம்."

"நிலம் அந்த ஆள் பேர்ல இருக்கு. நான் எப்படிப் போடுறது? அவனைப் பிடிச்சு வாங்கிக்குங்க. பிடிச்சா எனக்கும் சொல்லியனுப்புங்க, நாலு அறை குடுக்கணும்."

"உனக்கு வாய் ஜாஸ்தி."

"வயித்துல ஒண்ணுமில்ல ஐயா. வாயாவது இருக்கட்டும்."

மலாக்கி எங்கேயும் ஓடவில்லை. புருஷன் கைவிட்டவள் என்றால் நிலத்தைக் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னதே அவன்தான். அறுவடைவரை குத்தகை கட்டியாயிற்று. அவன் கீறல் போடாமல் யாரும் நிலத்தைத் தொட முடியாது. பகலெல்லாம் குடிசைக்குள் ஒளிந்திருந்து, காட்டுக்கீரையைத் தின்று, இருட்டியதும் ஓட்ஸ் பயிருக்குக் களை எடுத்தான். "என்னை நல்லாத் திட்டு. அப்பதான் நம்புவாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

"ஹெஷனைக் கூப்பிடு" என்றார் தலைவர்.

வீடு வீடாகப் போய் விசாரித்து வருகிற நிவாரண அதிகாரி ஹெஷன். ஆடு ஒன்றை மறைத்து வைத்திருந்தாள் என்று போன மாதம் ஒரு விதவையை வாசலோடு திருப்பி அனுப்பியவன். அவன் தெருவில் வந்தால் ஜனங்கள் காறித் துப்புவார்கள்.

ஹெஷன் வந்து நின்றான். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவ புருஷன் ஓடிட்டானாமே. விசாரிச்சியா?"

சபீனா தலை குனியவில்லை. சொல்லித் தொலை என்பதுபோல அவன் கண்ணையே பார்த்தாள்.

"நேத்து குடிசைக்கே போனேன் ஐயா. ஆள் இல்லை. கப்பல் ஏறிட்டான்னு பேச்சு. இவ வாய்க்கு எவன்தான் தங்குவான்?"

மேசை முழுக்கச் சிரிப்பு. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

'கணவனால் கைவிடப்பட்டவள்' என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்.

பெண்கள் பகுதிக்கு ஹெஷனே கூட்டிப் போனான். குடிசைக்குள் இருந்த மலாக்கி இவன் கண்ணில் எப்படிப் படாமல் போனான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கதவைத் தட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்:

"உன் கூரைக்கு மேல புகை ரோடு வரைக்கும் தெரியுது. பகல்ல அடுப்பு மூட்டாதேன்னு உன் புருஷன்கிட்ட நேத்தே சொல்லிட்டு வந்துட்டேன்."